புரட்டாசியில் ஒரு மீன் குழம்பு

எங்கள் முதலாளி குணசேகரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் வாய்க்கு நேராக ஒரு கரண்டி. கரண்டியில் மீன் குழம்பு. கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தவர் மிஸ்டர் லிம். மலாக்கா டவுனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட்டுக்கு எந்தச் சாமானை வாங்குவது, எதை வேண்டாம் என்பது என்று முடிவு பண்ணுகிற ஆள்.

"பாஸ், நீங்க மொதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க லா," என்றார் லிம், மலாயில்.

முதலாளி சிரித்தார். கை மட்டும் முன்னால் வரவில்லை. குழம்பு எங்கள் கம்பெனி பேஸ்ட்டில் வைத்தது. பாக்கெட்டில் முதலாளியின் படம், கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. அந்தப் பாக்கெட் மேசை மேல் இருக்கிறது, அதே ஆள் பக்கத்தில் ஒரு சொட்டு நக்கிப் பார்க்கமாட்டேன் என்று நிற்கிறார்.

பக்கத்தில் திலகா நின்றாள். அவள் வீடு அந்தக் கரண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நாக்கு ராஜ்ஜியம்

போன வாரங்களில் படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: ரெம்பியாவில் ஒரு மசாலா கம்பெனியில் ஆபிஸைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். பேர் சரஸ்வதி. கேட்டில் நிற்கிற நேப்பாளி காவலர் முதல் வங்கி மேனேஜர் வரை எல்லாருக்கும் சரசக்கா.

குணசேகரன் சும்மா மேலே வந்தவர் இல்லை. அதை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளில் மசாலாப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். ரப்பர் பால்வெட்டு முடிந்து ஆட்கள் குளித்துவிட்டு வாசலில் உட்காருகிற நேரமாகப் பார்த்துப் போய் நிற்பார். "அக்கா, போன வாரத்துக் கறித்தூள் எப்படி இருந்துச்சு? ஒளிக்காம சொல்லுங்க" என்பார்.

அக்காமார்கள் எதற்கு ஒளிக்கப் போகிறார்கள்? ஒருத்தி காரம் என்றாள். இன்னொருத்தி, "மல்லி வாங்கக் காசில்லியா தம்பி?" என்று கேட்டே விட்டாள். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடியும் வறுத்தார். அரைத்தார். அடுத்த வாரம் மறுபடியும் போய் நின்றார். அவருடைய கறித்தூள் ஊரெல்லாம் ஓடியது அதனால்தான்.

அப்போது அவருக்கு நாக்கும் இருந்தது, காதும் இருந்தது. ஏறிப் போகக் காடி வாங்கினார், காது போய்விட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதே ஆபிஸ் சுவரில் ஒரு வாக்கியம் பெரிதாக எழுதி மாட்டியிருந்தது: "என் நாக்கைத் தாண்டாமல் எதுவும் கேட்டைத் தாண்டாது." வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுவார். இதுதான் தன் கொள்கை, இதுதான் தன் தலைமைத்துவம் என்பார். உள்ளே இத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள், அத்தனை பேரும் வீட்டில் குழம்பு வைக்கிறவர்கள். அவர்களில் ஒருத்தியிடம்கூட எப்படி இருக்கிறது என்று கேட்டதை நான் பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் கோலாலம்பூரில் ஏதோ ஹோட்டலில் முதலாளிகளுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. போய்வந்தார். போகும்போது நல்லாத்தான் போனார். வரும்போது வாயில் 'இன்னோவேஷன்' என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. எடுக்கவே முடியவில்லை.

மீட்டிங் அறைக்கு ஆரஞ்சுப் பெயின்ட் அடித்தார். அந்த நிறத்தைப் பார்த்தால் மூளை வேலை செய்யுமாம். அரிசி மூட்டை மாதிரி இரண்டு மெத்தை வாங்கிப் போட்டார். அதில் உட்கார்ந்தால் புது யோசனை வருமாம். பேக்கிங் பகுதியில் மூத்தவர் அஞ்சலை அக்கா ஒருநாள் அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், "அடியே, யாராச்சும் கையக் குடுங்கடி!" என்று கத்தினார். அந்த அறையில் பிறந்த ஒரே சத்தமான யோசனை அதுதான்.

திலகா

உண்மையான யோசனை பின்பக்கத்து லேபிலிருந்து வந்தது. அதை லேப் என்பதே பெரிய வார்த்தை. ஒரு சிங்க், ஒரு அடுப்பு, ஒரு தராசு. அங்கே வேலை பார்த்தவள் திலகா. பாலிடெக்னிக்கில் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள், ஒப்பந்த வேலையில் இருந்தாள்.

நம் மீன் குழம்பும் மலாக்காக்காரர்களின் அசாம் பெடாஸ் என்கிற புளிக்குழம்பும் கைகோத்த மாதிரி ஒரு பேஸ்ட் செய்தாள். நம் வெந்தயம், நம் சின்ன வெங்காயம். அவர்கள் புளிப்பு, அவர்கள் பிளாச்சான் என்கிற இறால் விழுது. பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீர் விட்டு, கொதித்ததும் மீனைப் போட வேண்டியதுதான். வேலைக்குப் போய் வருகிற பெண்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் அவள் யோசனையைக் கேட்டதுமே, "இது ஓடும்டி" என்றேன்.

லிம்முக்கும் யோசனை பிடித்தது. ருசி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒரு தேதி கொடுத்தார்.

திலகாவுக்கு அந்தத் தேதி வெறும் தேதி இல்லை. அவர்கள் இருந்தது ரெம்பியாவுக்கு உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில். தோட்டத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றாகிவிட்டது, லயத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். புருஷன் பாலா லோரி ஓட்டுகிறான், ஓடினால்தான் கூலி. அலோர் காஜாவில் ஒரு சின்ன வீட்டைப் பார்த்து வைத்திருந்தார்கள். வங்கியில் ஒரே கேள்வி: யாருக்காவது நிரந்தர வேலை இருக்கிறதா?

முதலாளியிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அவர் பெரிய மனது பண்ணினார்.

"இந்தப் பேஸ்ட் லிம் கடைத் தட்டுல ஏறட்டும். மறுநாளே நீ பெர்மனென்ட். ஏறலேன்னா, கான்ட்ராக்ட் முடியும்போது பாத்துக்கலாம்."

அவள் தலையாட்டினாள். அன்று சாயந்திரம் பாலா ஒரு பெட்டி நெஸ்தம் கேக் வாங்கிக்கொண்டு வந்தான். ஏறிவிடும் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

கேட்டுக்கு வெளியே அடுப்பு

லிம் கொடுத்த தேதி புரட்டாசியில் விழுந்தது.

முதலாளி புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம். நான் விரதத்தைக் கேலி பண்ணவில்லை. நானும் புரட்டாசிச் சனிக்கிழமை விடாமல் பிடிக்கிறவள். ஆனால் என் விரதம் என் வயிற்றோடு சரி. அவர் விரதம் பிடித்தால் கம்பெனியே பிடிக்க வேண்டும். மாதம் பிறந்த அன்று கேட்டில் சொல்லிவிட்டார்: மீன், முட்டை, கருவாடு எதுவும் உள்ளே வரக்கூடாது. பெண்கள் சாப்பாட்டு டப்பாவில் மேலே கீரையைப் பரப்பி, அடியில் நெத்திலி சம்பால் வைத்துக்கொண்டு வருவார்கள். அந்த வாசம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வேன்.

"பாஸ், மீன் குழம்பு பேஸ்ட்டை மீன் இல்லாம எப்படிச் சோதிக்கிறது?" என்று திலகா கேட்டாள்.

"கேட்டுக்கு வெளிய வெச்சுக்க," என்றார்.

பாருங்கள் கூத்தை. உள்ளே ஆரஞ்சு அறை, மூட்டை மெத்தை, இன்னோவேஷன் போர்டு. வெளியே காவலர் கூண்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், ஒரு கேஸ் அடுப்பை வைத்துக்கொண்டு திலகா தெங்கிரி மீன் வேகவைத்துக்கொண்டிருந்தாள். மழை தூறினால் காவலர் பகதூர் குடை பிடித்தான். அவன்தான் முதல் ஆளாக ருசி பார்த்தவன். தலையை ஆட்டிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்டான்.

தேநீர் நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராகக் கேட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தார்கள். "உப்பு ஒரு கல்லு தூக்கல்டி" என்றாள் ஒருத்தி. "வெந்தயம் வாசம் வரல, இன்னும் வறு" என்றாள் இன்னொருத்தி. அஞ்சலை அக்கா பிளாஸ்டிக் கரண்டியை நக்கிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். "புளிய ஏத்தும்மா. மீன் கவிச்சி போவணும்ல," என்றார்.

திலகா ஏற்றினாள். மறுநாள் மறுபடியும் அடுப்பு மூட்டினாள். கடைசியாக ஒரு புதன்கிழமை நானும் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், சோறு இல்லாமல் வெறும் குழம்பையே குடித்தேன். முதலாளி மோட்டார் சைக்கிளில் போய்ச் செய்த அதே வேலையை அந்தப் பெண் அவர் கேட்டு வாசலிலேயே செய்துகொண்டிருந்தாள். அவர் காடிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார்.

கத்திரிக்காய் சோதனை

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோது சுவரில் இருந்த வாக்கியம் குறுக்கே வந்தது. அவர் நாக்கைத் தாண்டாமல் கேட்டைத் தாண்டாதே!

"பாஸ், இந்த ஒரு தடவை வேற யாராச்சும் ருசி பாக்கட்டும்," என்றேன்.

"சரசு, இது என் கொள்கை."

"அப்ப லிம்மைத் தேதி மாத்தச் சொல்லலாமா? தீபாவளிக்குப் பொறகு?"

"தேதிய மாத்தினா அவன் மனசையும் மாத்திருவான்."

விரதத்தை விடமுடியாது. தேதியை மாற்றமுடியாது. இன்னொருத்தர் நாக்கை நம்பமுடியாது. மூன்றையும் பிடித்துக்கொண்டு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பிளாச்சான் இல்லாமல் பேஸ்ட் செய்து, அதில் மீனுக்குப் பதில் கத்திரிக்காயைப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

ஆரஞ்சு அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். கண்ணை மூடினார். நாங்கள் இரண்டு பேரும் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"புளி ஓவர். பல்லு கூசுது."

"அது மீனுக்கு உள்ள புளி பாஸ்," என்றாள் திலகா. "மீன் போட்டா சரியா வரும்."

"எனக்கே குழம்பு வைக்கச் சொல்லித் தர்றியா? புளியப் பாதியாக்கு. வெந்தயம் கசக்குது, அதையும் கொற." இன்னும் ஒரு கத்திரிக்காயை மென்றார். மென்றுகொண்டிருக்கும்போதே அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு யோசனை வந்தால் அப்படித்தான் மலரும். "பிளாச்சானே வேணாம்! சைவக்காரங்களும் வாங்குவாங்க. சைவ மீன் குழம்பு பேஸ்ட்! உலகத்துல எவனாச்சும் யோசிச்சிருக்கானா?"

எவனும் யோசிக்காததற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. "பாஸ், மீன் வாங்குறவங்கதானே மீன் குழம்பு பேஸ்ட் வாங்குவாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ ஆபிஸைப் பாரு, சரசு. இன்னோவேஷனை நான் பாத்துக்கிறேன்."

லேபுக்குத் திரும்பியதும் திலகா சிங்க்கில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "இத அனுப்பினா தோத்துருவோம்க்கா. அனுப்ப மாட்டேன்னாலும் என் வேலைதான் போவும். நான் என்னதான் செய்யறது?"

"உன் பழைய பேஸ்ட்டை அடைச்சு அனுப்பு. அவர் எங்க மீன் திங்கப் போறார்?" என்றேன். அவளும் நினைத்திருப்பாள்போல. ஆனால் முடியவில்லை. முதலாளி தன் கண் முன்னாலேயே பாக்கெட்டுகளை அடைக்கச் சொன்னார். அடைத்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, காலையில் நேராகக் காடியில் ஏற்றினார். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். மீன் குழம்பு பேஸ்ட்டுக்கு அத்தனை மரியாதை வேறெங்கும் நடந்திருக்காது.

அந்தக் கரண்டி

சூப்பர்மார்க்கெட்டின் பின்பக்கத்துச் சமையலறையில் குழம்பு வைத்தவர் காக் அனி என்ற மலாய்க்கார அம்மா. அன்று வந்த தெங்கிரியைத் துண்டு போட்டு இறக்கினார். கொதி வந்தது. ஆவியோடு பச்சை மீன் கவிச்சியும் எழும்பி வந்தது. காக் அனி மூக்கைச் சுருக்கினார்.

"ஹன்யிர் லா," என்றார். கவிச்சி அடிக்கிறது என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

லிம் ஒரு வாய் சாப்பிட்டார். முகத்தைக் காட்டவில்லை. நாகரிகமான மனுஷன். "எனக்கு மட்டும் அப்படித் தோணுதோ என்னவோ" என்று சொல்லித்தான் கரண்டியை முதலாளியிடம் நீட்டினார்.

"நான் புவாசா," என்றார் முதலாளி. விரதத்தை மலாயில் அப்படித்தான் சொல்ல முடிந்தது.

நோன்பு மாதம் இல்லையே என்று காக் அனி திகைத்துப்போனார். லிம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அப்ப இது நல்லா இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் டேஸ்ட் பண்ணிட்டேன். கத்திரிக்காய் போட்டு."

"கத்திரிக்காய்?"

"கத்திரிக்காய்."

லிம் கரண்டியைப் பார்த்தார், பாக்கெட்டில் இருந்த கட்டை விரலைப் பார்த்தார், கரண்டியை மெதுவாகச் சட்டியில் போட்டார். "பாஸ், எங்க ஆளுங்க இதுல மீனைத்தான் போடுவாங்க."

அந்த நேரத்தில் ஒரு தலைவன் என்ன செய்வான்? தப்பு என்னுடையது, திருத்திக்கொண்டு வருகிறேன் என்பான். அந்தக் கருத்தரங்கில் அதைச் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. எங்கள் தலைவர் கையை முன்னால் கொண்டுவந்தார். கரண்டியை எடுக்க இல்லை. திலகாவைக் காட்ட.

"இந்தப் பொண்ணுதான் செஞ்சா. அனுபவம் பத்தாது. நான் நம்பிட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "மிஸ்டர் லிம், புளியைப் பாதியாக்கச் சொன்னது இவர்தான், பிளாச்சானை எடுக்கச் சொன்னதும் இவர்தான்," என்று அங்கேயே, மலாயிலேயே போட்டு உடைத்தேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். பொசுங்கவில்லை.

ஆனால் அதனால் என்ன ஆனது? பேஸ்ட் கடைத் தட்டில் ஏறாததற்கு யார் காரணம் என்பது லிம்முக்குத் தேவையில்லை. "அடுத்த வருஷம் பாப்போம்," என்றார்.

கார் பார்க்கில் காக் அனி ஓடி வந்து திலகாவின் கையைப் பிடித்தார். புளி குறைக்காத பேஸ்ட் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். செர்காமில் தன் தங்கச்சி சுட்ட மீன் கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டார். திலகா எங்கேயோ பார்த்துக்கொண்டு நம்பரைச் சொன்னாள்.

திரும்பி வரும் வழியில் முதலாளி ஒரு சைவக் கடையில் காடியை நிறுத்தினார். நாங்கள் இறங்கவில்லை. அவர் தோசை சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே வந்து ஏறினார்.

கான்ட்ராக்ட் முடிந்தது. நீட்டிக்கவில்லை. அலோர் காஜா வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். லயத்தை இடிக்க மெஷின் வந்த வாரம் பாலா தன் லோரியிலேயே சாமான்களை ஏற்றி, சுங்கை ரம்பாயில் தன் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோனான். என்னை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று கேட்கிறீர்களா? வரிக்கணக்கு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. அதுதான் காரணம்.

அடுத்த மாதமே அவர் இன்னொரு கருத்தரங்குக்குப் போனார். இந்த முறை பேச்சாளராக. தோல்வியிலிருந்து கற்பது எப்படி என்பது தலைப்பு.

செர்காமில்

வருஷக் கடைசியில் ஊழியர்களுக்கு விருந்து. முதலாளி எங்கள் எல்லாரையும் வேனில் ஏற்றிச் செர்காமுக்குக் கூட்டிப்போனார். கடலோரத்தில் சுட்ட மீன் கடைகள் வரிசையாக இருக்கும். பேர் வாங்கிய ஒரு கடையை அவரே விசாரித்து வைத்திருந்தார். மத்தியான வெயில், உப்புக்காற்று, வாழை இலையில் கருகிய மீன். கூடவே ஒரு சட்டி மீன் குழம்பு வந்தது.

முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் புளி, நன்றாக வறுத்த அந்த வெந்தயம். கேட்டு வாசலில் நின்று குடித்தவள் ஆயிற்றே! அஞ்சலை அக்காவைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

கை கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போனேன். திலகா தலையில் துணி கட்டிக்கொண்டு பெரிய சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! சொல்லவே இல்ல?"

"வாங்கக்கா! பசியாறிட்டுத்தான் வந்தீங்களா?" சிரித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"வீடு?"

"இப்போதைக்கு மாமியார் வீடுதான்க்கா. வங்கியில இன்னும் சம்பளப் பேஸ்லிப் கேக்குறாங்க. இந்த வரிசையில நாலு கடைக்கு என் பேஸ்ட்தான் போவுது, ஆனா அடுப்புக்கு ஏது பேஸ்லிப்?" சொல்லிவிட்டுச் சட்டியைப் பார்த்துக்கொண்டாள்.

முன்பக்கம் வந்தால், எங்கள் முதலாளி முழங்கை வரை குழம்பாக உட்கார்ந்திருக்கிறார். இரண்டாவது கிண்ணம். விரலை ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு எடுக்கிறார்.

"சரசு, பாத்தியா? இதுதான் நான் மனசுல வெச்சிருந்த ருசி! இததான் அந்தப் பொண்ணுகிட்டத் தலபாடா அடிச்சுக்கிட்டேன், அவளுக்கு ஏறல." கடைக்கார அம்மாவைக் கூப்பிட்டார். "சமைச்சது யாரு? வரச் சொல்லுங்க. நம்ம கம்பெனிக்குக் கூப்பிட்டுக்கலாம்."

திலகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். பெண்கள் பக்கத்திலிருந்து "ஏய், திலகா!" என்று ஒரு கூச்சல். முதலாளியின் ஒரு விரல் வாய்க்குள்ளேயே இருந்தது. எடுத்தார். டிஷ்யூவைத் தேடினார். துடைத்தார்.

நான் அப்போதுகூட ஒன்று எதிர்பார்த்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த அந்தத் தம்பி உள்ளே எங்காவது மிச்சம் இருப்பார், 'அக்கா, எப்படிச் செஞ்சீங்க?' என்று கேட்டுவிடுவார் என்று.

"ம்... நல்லாத்தான் இருக்கு," என்றார் முதலாளி. "புளிதான் கொஞ்சம் தூக்கல். கொறச்சா நல்லா இருக்கும்."

திலகா கோபப்படவில்லை. "அப்படியா பாஸ்? கேட்டுப் பாத்துருவோம்," என்றாள். குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மேசைக்குப் போனாள். "அக்காங்களா, புளி கூடவா இருக்கு? ஒளிக்காம சொல்லுங்க."

சம்பளம் கொடுக்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார், என்ன பேசுவார்கள்? காற்றில் மேசைத்துணி படபடத்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு லேசாகச் சிரித்தார்.

அஞ்சலை அக்கா தன் தட்டை எடுத்து நீட்டினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தும்மா."

பக்கத்தில் இருந்தவள் நீட்டினாள். அதற்கு அடுத்தவள் நீட்டினாள். நான் என் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.